பங்கோரை: பெயரும் வகுப்பும் பற்றிய ஒரு மதிப்பீடு

சாய்ந்தமருது என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு மரம் நிற்கின்றது. சாய்ந்து வளர்ந்த மருதமரம் ஒன்றினால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என அங்குள்ளோர் வழிவழியாகக் கூறுவர். கிழக்கே கடல்; மேற்கே கரைவாகு வயல்வெளி; ஊரை ஊடறுத்துத் தோணா எனப்படும் நீர்நிலை. கல்முனைக்குத் தெற்கிலும் காரைதீவுக்கு வடக்கிலும் அமைந்த இம் முஸ்லிம் ஊரை உள்ளிட்ட அம்பாறைக் கரையோரத்தே, பெண்கள் பன் கொண்டு பாய் இழைக்கும் தொழில் நெடுங்காலம் வழங்கிவந்தது. சில ஆண்டுகளின் முன் அப்பகுதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் இழைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "உம்மா, இந்தப் பன் ஒருவகைப் புல்லுத்தானே?" என யாம் வினவினோம். அவர் கையை நிறுத்தாமலே, "மாட்டுக்கு அறுக்கிறது புல்லு, பாய்க்கு அறுக்கிறது பன்னு, ரெண்டும் ஒண்டா மகன்?" என்றார்.

தாவரவியல் கற்பிப்பவராகிய எமக்கு அவ்விடை முதலில் நகையையும் பின்னர் நாணத்தையும் தந்தது. பள்ளி நூல்களும் அகராதிகளும் பல, கோரையைப் 'புல்வகை' என ஒரு சொல்லிற் கூறி அமைகின்றன. எழுத்தறிவு அதிகம் பெறாத அம் மூதாட்டியோ அதனைப் புல்லினின்று பிரித்தார். அவர் கூறிய காரணம் தாவரவியலார் கூறுங் காரணம் அன்று. ஆயினும் முடிபு தாவரவியலார் முடிபே. காரணம் வேறாக முடிபு ஒன்றாதல் எவ்வாறு? மறுதலையாக, கற்றோர் நூல்கள் பிழைத்தது எதனால்? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பாய்க்குரிய கோரையினங்களுள் ஒன்றாகிய பங்கோரையை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்பியல்பையும், அதற்கு வழங்கிய பெயர்களையும், அதனை வகுத்தோர் கொண்ட முறைகளையும் ஈண்டு மதிப்பிடுவாம். ஒரு பாகுபாட்டைப் பிழையென்றோ சரியென்றோ கூறுமுன், அஃது எவ்வினாவுக்கு விடையாக எழுந்தது என்று உசாவுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.

தாவரத்தின் இயல்பு

பங்கோரை, சைப்பெரேசியே எனப்படும் கோரைக் குடும்பத்தில் சைப்பெரஸ் சாதியைச் சேர்ந்த இனமாகும். பல்லாண்டு வாழ்வது, ஈரநிலத்திலும் நீர்க்கரையிலும் வளர்வது. செதில்கள் போர்த்த வேர்த்தண்டுக்கிழங்கு சேற்றினுள்ளே படர்ந்து செல்ல, அதனின்று தண்டுகள் நிரையாக மேலெழும். தண்டு ஏறத்தாழ ஒரு மீற்றர் வரை, வளமிக்க இடத்தில் அதனினும் உயர்ந்து, நிமிர்ந்து நிற்கும். அதனைக் குறுக்கே வெட்டி நோக்கின் மூன்று பக்கங்கள் தோன்றும். விரலிடை வைத்து உருட்டினாலே மூன்று விளிம்புகளும் உணரப்படும். இலைகள் அடியிலே மட்டும் உள. அவற்றுட் பல பரப்புக் குறைந்து வெறும் மடல்களாகவே அமைவன.

அடியிலிருந்து பூந்துணர் வரை தண்டிற் கணு ஒன்றேனும் இல்லை என்பது இத்தாவரத்தின் தலையாய சிறப்பு. மூங்கிலிலும் கரும்பிலும் நெல்லிலும் இடையிடையே கணு உண்டு; கணு உள்ள இடத்தில் நார் முறுகும், பிளவு விலகும். கணுவின்றி நீண்ட தண்டோ முடிச்சில்லாத நூலை ஒப்பது. பாய்க்கு இத்தாவரம் உவந்ததன் காரணம் இங்கேயே உள்ளது.

தண்டின் உட்புறம் மென்மையானது. காற்றறைகள் நிறைந்த சோற்றிப்பகுதி நடுவே இருக்கும். அதனாலேயே சேற்றில் அமிழ்ந்த உறுப்புக்களுக்கும் காற்றுச் சென்று சேர்கின்றது. வலிமை தரும் நார்க்கற்றைகளோ புறத்தோலின் கீழே நெருங்கி அமைந்துள்ளன. உள்ளே மென்மை, புறத்தே உரம் என்னும் இவ்வமைப்பைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டிவரும்.

உச்சியிலே இலைபோன்ற பூவடியிலைகள் சில விரிந்து நிற்க, அவற்றின் நடுவினின்று குடைக்கம்பிகள் போலக் காம்புகள் கிளைக்கும். அக்காம்புகளின் நுனியில் ஒடுங்கி நீண்ட சிறுகதிர்கள் உள. ஒவ்வொரு சிறுகதிரிலும் உமிகள் இருநிரையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் உமியின் கக்கத்திலும் ஒரு பூ இருக்கும். அப்பூவில் அல்லியும் இல்லை, புல்லியும் இல்லை. கேசரங்கள் மூன்று, சூலகம் ஒன்று, தம்பம் மூன்றாகக் கிளைத்து மூன்று குறிகளாகும். கனி முப்பக்கமுடையது, வெடியாதது, ஒரே வித்துள்ளது. தண்டில் மூன்று, கேசரத்தில் மூன்று, குறியில் மூன்று, கனியில் மூன்று என எண் மாறாது வருதலை மாணவர் நினைவிற் கொள்வாராக.

புல்லுக்கும் கோரைக்கும் வேற்றுமை

புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டது, கணுவிடையில் உள்ளீடற்றது. கோரையின் தண்டு பெரும்பாலும் முப்பக்கமுடையது, உள்ளீடுள்ளது. புல்லின் இலைகள் இருநிரை. கோரையின் இலைகள் மூநிரை. புல்லின் இலைமடல் ஒருபுறம் திறந்திருக்கும். கோரையின் மடல் குழாய்போல் மூடியிருக்கும். புல்லின் பூவை இரண்டு உமிகள் பொதிந்து காக்கும்; நெல்லை உமிநீக்கிப் பார்த்தோர் இதனை நன்கறிவர். கோரைப்பூவுக்கோ ஓர் உமியே காவல். நெல்மணியில் வித்தின் தோலும் கனியின் தோலும் ஒட்டி ஒன்றாகியுள்ளன. கோரைக்கனியில் அவை ஒட்டுவதில்லை. மகரந்தம் தோன்றும் முறையிலும் ஒரு வியப்பு உண்டு. ஒரு தாய்க்கலம் நான்காகப் பிரிந்து நான்கு மகரந்தமணிகள் ஆதல் பெருவழக்கு. கோரைக் குடும்பத்திலோ அந்நான்கனுள் மூன்று அழிய, எஞ்சிய ஒன்றே மணியாகின்றது.

இத்துணை வேற்றுமைகளும் தற்செயலானவை அல்ல. மரபணுக்களை ஒப்புநோக்கிய ஆய்வுகளின்படி, கோரைக் குடும்பமும் புற்குடும்பமும் போவேலிஸ் என்னும் ஒரே வருணத்தில் அடங்குவனவே. ஆயின் கோரைக்கு மிக அணித்தான உறவு புல் அன்று. யுங்கேசியே என்னும் வேறொரு சிறு குடும்பமாகும். புல்லும் கோரையும் ஒரே ஊரிற் பிறந்தனவேயன்றி ஒரே வீட்டிற் பிறந்தன அல்ல. உலகிற் கோரைக் குடும்பத்தில் 5,500 இனங்களுக்குக் குறையாமல் உள. அத்துணைப் பெரிய குடும்பத்தை 'புல்வகை' என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுதல் அறிவுக்குப் பொருந்துவதன்று.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதும் அன்று. கரைவாகு வயல்களை ஒத்த நெல்வயல்களிற் களையாக எழுவனவற்றுட் புல்லும் உண்டு, கோரையும் உண்டு. புல்லை மட்டுமே தாக்கும் களைகொல்லியைக் கோரைமேல் தெளிப்போன் பணத்தையும் பருவத்தையும் இழப்பான். எம்.சி.பி.ஏ. போன்றன கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் தாக்கிப் புல்லை விட்டுவிடுவன. நெல்லும் புல்லாதலின் அது பிழைக்கின்றது. குடும்பப் பெயரறிவு இங்கே விளைச்சலோடு தொடர்புடையதாகின்றது.

தொல்காப்பியர் பாகுபாடு

இங்கே தமிழறிஞர் ஒரு தடை எழுப்புதல் கூடும். தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தது. அதன்படி பனையும் தெங்கும் புல்லாகும், கோரையும் புல்லாகும். அவ்வாறாயின் கோரையைப் புல் என்றல் தமிழ்மரபன்றோ என்பது அத்தடை.

இது பற்றி இருதிறத்தார் இருவகையாகப் பிழைக்கின்றனர். ஒருதிறத்தார், பனையைப் புல் என்ற பழைய ஆசிரியர் தாவரவியல் அறியாதவர் என்பர். மற்றொரு திறத்தார், ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்னும் இக்காலப் பாகுபாட்டை அவர் அன்றே கண்டுவிட்டார் எனப் பெருமிதங் கொள்வர். இருவரும் நூலாசிரியரை அவர் கேளாத வினாவுக்கு விடை கூறுமாறு வற்புறுத்துகின்றனர். மரபியல் வித்திலையை எண்ணவில்லை, பூவை நோக்கவில்லை. தண்டின் உரம் எங்கே உள்ளது என்பதே அது கேட்ட வினா. அவ்வினாவுக்கு அது தந்த விடை செம்மையானது. புறத்தே உரமும் உள்ளே மென்மையும் கொண்டது கோரைத்தண்டு என மேலே கண்டோம். ஆகவே அந்நூலின் பொருளில் அது புல்லே. கோரையின் இலையடியைக் குறிக்க நாம் இன்று வழங்கும் 'மடல்' என்னுஞ் சொல்லும், மரபியல் புல்லுக்குரியதாக எண்ணிய உறுப்புப் பெயர்களுள் ஒன்று என்பது நோக்கற்பாலது.

இன்னும் ஒன்று. பாய்த்தொழிலாளர் கேட்கும் வினாவும் மரபியலின் வினாவேயாம். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணியின் அருகேயுள்ள பத்தமடையில், முஸ்லிம் நெசவாளர் கோரையை நுண்ணிதாகக் கீறிச் சோற்றியை நீக்கிப் புறநாரை மட்டும் கொண்டு, பருத்தி நூல் பாவாகத் தறியில் நெய்வர். கிழக்கிலங்கையில் தறி இல்லை. காய்ந்த பன் கையினாலே இழைக்கப்படுகின்றது. அங்கே 'நெய்தல்', இங்கே 'இழைத்தல்' எனச் சொல்லும் வேறுபடுகின்றது. ஆயினும் இரண்டிடத்தும் பாய்க்கு உயிராவது புறத்துரமே. எகிப்து நாட்டில் இதே சாதியைச் சேர்ந்த பப்பைரஸ் என்னும் இனத்தின் தண்டைக் கொண்டு பண்டையோர் தாள் செய்தனர். அவர்கள் தாளுக்குக் கொண்டது உள்ளிருந்த சோற்றியை. ஒரே சாதியில் அகத்தைக் கொண்டோர் எழுதினர். புறத்தைக் கொண்டோர் படுத்துறங்கினர். ஒரு தாவரம் பற்றிய பாகுபாடு அதனைக் கைக்கொள்வோர் நோக்கத்தோடு எவ்வளவு பிணைந்தது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே 'கோரை புல்' என்னுந் தொடர் மரபியற் பொருளில் மெய். தாவரவியற் பொருளிற் பொய். அகராதி செய்தார் முதற்பொருளில் எழுதினர். பள்ளிநூல் செய்தார் அதனை இரண்டாம் பொருளிற் படித்தனர். பிழை இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாலத்தில் நேர்ந்தது.

பெயரின் வரலாறு

இனி, இத்தாவரத்தின் அறிவியற் பெயரை ஆராய்வாம். தென்னிந்தியாவின் சோழமண்டலக் கரையிலே தரங்கம்பாடி அந்நாளில் தென்மார்க்கரின் குடியேற்றமாக இருந்தது. லின்னேயஸின் மாணவராகிய யொகான் கெராட் கேனிக் என்பார் 1768இல் அங்கு மருத்துவராக வந்து, தாவரங்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார். கோபன்கேகனிற் பேராசிரியராக இருந்த கிறிஸ்தன் பிறீஸ் றொட்பெல், 1773இல் அரிய தாவரங்கள் பற்றிப் படங்களோடு வெளியிட்ட நூலில், இக்கோரைக்குச் சைப்பெரஸ் பங்கோரை எனப் பெயரிட்டார். இலத்தீன் நெறியில் அமைந்த அப்பெயரின் பிற்பகுதி இலத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று, அது தமிழ். நம் நாட்டில் யாரோ ஒருவர் வாயிற் பிறந்த சொல், இன்று உலகத் தாவரவியலார் அனைவரும் எழுதவேண்டிய சொல்லாக நிற்கின்றது.

அச்சொல்லின் பிறப்பு யாது? 'பன்' என்பதும் 'கோரை' என்பதும் கூடிப் பங்கோரை ஆயிற்று எனலாம். புணர்ச்சி விதிப்படி னகரம் திரிந்து 'பற்கோரை' ஆதல் வேண்டுமெனினும், பேச்சு வழக்கில் இன எழுத்தாகிய ஙகரம் தோன்றுதல் இயல்பே. 'பசுமை' என்பதோடு கூடிப் 'பைங்கோரை' ஆகி, அது பங்கோரை எனக் குறுகிற்று எனலும் ஆகும். கோரைக்குச் 'சாய்' என ஒரு பழம்பெயர் உண்டு. பசிய சாய் 'பைஞ்சாய்' ஆகிப் 'பஞ்சாய்' எனக் குறுகியதைக் குறுந்தொகை முதலியவற்றிற் காண்கின்றோம். பஞ்சாய் கொண்டு சிறுமியர் பாவை செய்து விளையாடினர் என்பதும் சங்க நூல்களாற் புலனாகின்றது. பைஞ்சாய் பஞ்சாய் ஆயினாற்போலப் பைங்கோரையும் பங்கோரை ஆகலாம். இருவழியுள் எதனைக் கொள்ளினும் சொல் தமிழ் என்பதில் இழுக்கில்லை. 'சாய்' என்னும் இச்சொல்லைக் கண்ட ஆர்வத்தால், சாய்ந்தமருது என்னும் ஊர்ப்பெயருக்குக் கோரைப்பொருள் காண முற்படுதல் மட்டும் தகாது. அங்கே சாய்ந்தது மருது, சொல்லொப்புமை பொருளொப்புமையாகாது.

றொட்பெல் நூலின் பிற்கால வரலாறு பிணக்கு மிக்கது. அவர் அதே நூலில் சைப்பெரஸ் கொரிம்போசஸ் என மற்றோர் இனத்தையும் விவரித்தார். இரண்டையும் ஏழாம் படத்தாளிலே அடுத்தடுத்து வரைவித்தார். இரண்டும் ஒன்றையொன்று மிக ஒத்தவை. ஆயினும் கொரிம்போசஸில் தண்டு பெரும்பாலும் உருட்சி மிக்கது, பூவடியிலைகள் குறுகியவை. பங்கோரையில் முப்பக்கம் தெளிவு, பூவடியிலைகள் நீண்டவை. 1820இல், றொக்ஸ்பரோ இறந்தபின் வெளிவந்த அவருடைய இந்தியத் தாவர நூலில், பாய்க்குரிய கோரை ஒன்று சைப்பெரஸ் தெகெத்தும் எனப் புதுப்பெயர் பெற்றது. 'தெகெத்தும்' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'பாய்களுக்குரிய' என்பது பொருள். பின்னர் 1893இல் சீ. பி. கிளாக், ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலின் ஆறாந் தொகுதியில், பங்கோரையைக் கொரிம்போசஸின் ஒரு பேதமாகக் கீழிறக்கினார். ஒரே பாய்க்கோரைக்கு மூன்று பெயர்கள் வழக்கிற் புகுந்தன. இன்றும் பத்தமடைப் பாய் பற்றி எழுதுவோருட் சிலர் கொரிம்போசஸ் என்பர். சிலர் பங்கோரை என்பர். வங்காளத்துப் பாய் பற்றி எழுதுவோர் தெகெத்தும் என்பர்.

இவருள் யார் கூற்றுக் கொள்ளத்தக்கது? றொக்ஸ்பரோவின் பெயர் பயன்பற்றியது, கேட்டவுடன் பொருள் விளங்குவது, அழகியது. ஆயினும் தாவரப் பெயரீட்டு விதி அழகை நோக்குவதில்லை, முதன்மையை நோக்கும். 1773இன் பெயர் 1820இன் பெயருக்கு முந்தியது. இரண்டும் ஒரே இனத்துக்குரியன எனின் முந்தியதே நிற்கும். கிளாக் கோரைக் குடும்பத்தைக் கற்றோருள் முதல்வரிசையினர். அவர் கருத்தை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. ஆயினும் உலர்ந்த தாள்கள் பலவற்றை ஒருங்கு வைத்து நோக்குவோருக்கு இடைப்பட்ட வடிவங்கள் கண்ணிற்பட்டு எல்லை மங்கித் தோன்றும். றொட்பெல்லோ இரண்டையும் ஒரே தாளில் அருகருகே வரைவித்தும் இரண்டெனவே கண்டார். பிற்காலத்தார் அவர் பக்கமே சாய்ந்து இரண்டையும் வேறினங்களாக வைத்து, தெகெத்துமைப் பங்கோரையுள் அடக்கினர். அம்முடிபே எமக்கும் உடன்பாடு. தமிழ்ப்பெயரை மாற்றாது ஏற்று எழுதியவர் கூற்று, 250 ஆண்டுகளின் பின்னும் நிலைத்தது என்பது ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

சாதியின் எல்லை பற்றியும் இத்தகைய வழக்கு நிகழ்ந்தது. கிளாக் குறிகள் இரண்டா மூன்றா, சிறுகதிர் முழுதாக உதிருமா உமி தனித்து உதிருமா என்பன போன்ற பண்புகளைக் கொண்டு சைப்பெரஸிலிருந்து கிலிங்கா, பைக்கிரியஸ், மரிஸ்கஸ் முதலிய சாதிகளைப் பிரித்தார். 1935, 1936 ஆம் ஆண்டுகளிற் கூக்கன்தால் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றை மீண்டும் சைப்பெரஸுள் அடக்கினார். நெடுங்காலம் இவ்விரு கட்சியும் சமமாக நின்றன. 2011 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள், பிரித்தற்குக் கருவியாயிருந்த அப்பண்புகள் பல கிளைகளில் தனித்தனியே தோன்றியவை எனக் காட்டின. அதனால் அச்சாதிகள் பல மீண்டும் சைப்பெரஸுள் வந்தன. இன்று அச்சாதியில் ஏறத்தாழ 950 இனங்கள் எண்ணப்படுகின்றன. இதனாற் கிளாக்கின் உழைப்பு வீணாயிற்று எனல் பொருந்தாது. கையிலெடுத்த செடியை விரைந்து இனங்காண எப்பண்பு உதவும் என்பது அவர் வினா. உறவுமுறை யாது என்பது இக்காலத்தார் வினா. முன்னதற்கு அவர் விடை இன்றும் பயன்படுகின்றது.

இலங்கைத் தாவர நூல்களுள்ளும் இவ்வேறுபாடு தெரியும். றைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல், அவர் 1896இல் இறந்தபின் ஹூக்கரால் முடிக்கப்பட்டு, கோரைக் குடும்பம் 1900இல் வெளிவந்த ஐந்தாம் பகுதியில் இடம்பெற்றது. அதன் திருத்திய பதிப்பில் கோரைக் குடும்பத்தை எழுதியவர் ஜப்பானியரான தெத்சுவோ கொயாமா. அது 1985இல் வெளிவந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்போர், ஒரே நாட்டின் ஒரே செடிகள் 85 ஆண்டுகளில் எத்துணைப் பெயர்மாற்றம் பெற்றன என்பதைக் காண்பர்.

'பன்' என்னுஞ் சொல்

அறிவியற் பெயரின் பிணக்கைக் கண்டோம். ஊர்வழக்கின் பிணக்கு அதனிற் குறைந்ததன்று. கிழக்கிலங்கைத் தமிழில் 'பன்' என்பது பாய்க்குரிய தாவரத்தின் பெயர். சிங்களத்திலும் அச்சொல் அவ்வாறே வழங்குகின்றது. இரு மொழியாரும் ஒரே சேற்றில் இறங்கி ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டனர். ஆயின் சிங்கள வழக்கில் அச்சொல் ஓரினத்தோடு நில்லாது. 'பொறுபன்' எனப்படுவது எலியோக்காரிஸ் சாதியைச் சேர்ந்த வேறொரு கோரை. 'பொறு' என்பதற்குப் 'பொய்யான' என்பது பொருள். 'ஹம்புபன்' எனப்படுவதோ கோரைக் குடும்பமே அன்று; நாம் சம்பு என்று கூறும் தைபா ஆகும். எனவே பன் என்பது ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு தொழிலின் பெயர். பாய்க்கு ஆவன எல்லாம் பன். அம் மூதாட்டி கூறியதும் அதுவே.

தமிழிலும் இத்தகைய வழக்கு உண்டு. செருந்தி என்பது ஓரிடத்தில் மரத்தையும் மற்றோரிடத்திற் கோரையையும் குறிக்கும். கோரைக்கிழங்கு, முத்தக்காசு என மருத்துவர் போற்றுவதும், உழவர் களையென்று சலிப்பதும் சைப்பெரஸ் றொட்டன்டஸ் என்னும் ஒரே இனம். அவ்வினத்துக்குப் பெயரீட்டுச் சான்றாகக் கொள்ளப்படுந் தாள், பதினேழாம் நூற்றாண்டில் ஹெர்மன் என்பார் இலங்கையிற் சேகரித்தவற்றுள் ஒன்று என்பதும் நாம் அறிந்து மகிழ்தற்குரியது. உலகின் கொடிய களைகளுள் முதலாவது என 1977இல் ஹோம் முதலிய அறிஞர் எண்ணிய அச்செடியின் பெயர் நம் நாட்டுத் தாள் ஒன்றிற் கட்டுண்டு கிடக்கின்றது. ஒரு பெயரிற் பல செடியும், ஒரு செடியிற் பல பெயரும் ஊர்வழக்கின் இயல்பு. அதனைக் குறையென்று இகழாது, அதன் வினாவை அறிந்து கொள்ளுதலே கற்றோர் கடன்.

தொழிலாளரும் தாவரவியலாரும் ஒருவரையொருவர் அறியாமைக்கு ஒரு சிறப்புக் காரணமும் உண்டு. பன் அறுப்போர் உச்சிப் பூந்துணரைக் களைந்து தண்டை மட்டும் கட்டாக்குவர். பூ அவர்க்குக் குப்பை. தாவரவியலாரோ பூவும் கனியும் இன்றி இனங்காணார். வெறுந்தண்டு அவர்க்கு ஊமை. ஒருவர் எறிவதை மற்றவர் தேடுகின்றார். ஒருவர் கட்டிலும் மற்றவர் தாளிலும் இருப்பது ஒரே செடியின் இரு பாதிகள்.

இதனால் ஆவது யாது?

இத்துணை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவுதல் கூடும். பாய் இழைக்கும் கைகள் அருகிவருகின்றன. பிளாத்திக்குப் பாய் மலிவாகக் கிடைக்கின்றது. தாழ்நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தபின், நெருங்கி வாழும் மக்களுக்கு இல்லம் அமைக்கும் தேவை இன்னும் மிகுந்தது. அத்தேவையைக் குறைகூற எமக்கு மனமில்லை. தோணாவை ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மூடி அடைப்பதும், அவற்றை அகற்றும் பணி மீண்டும் மீண்டும் நிகழ்வதும் ஊரார் அறிந்தவையே. நீர்நிலையைத் தூய்மை செய்து கரையிற் பன் வளர்த்துத் தொழிலை மீட்போம் என ஒருநாள் எவரேனும் முன்வருதல் கூடும். அந்நாளிற் பெயர் பிழைத்தால் செயலும் பிழைக்கும். 'பன் நடுக' என்னும் ஆணையை ஏற்றவர் சம்பை நட்டுவிடின், அது விரைந்து பரவி ஆழமற்ற நீர்நிலையைத் தூர்த்துவிடும். பாயும் கிடையாது, நீரும் கிடையாது. மறுபுறம், கோரை யாவும் களையென எண்ணி அழிப்போர், முப்பக்கத் தண்டுடைய பங்கோரையையும் உடன் அழிப்பர்.

எனவே இந்நூல்களைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஒரு பணி உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் ஊர் நீர்க்கரையிற் காணும் கோரையைப் பூவோடும் கனியோடும் வேர்த்தண்டுக்கிழங்கோடும் எடுத்து, தாளிடை அழுத்தி உலர்த்துக. தண்டு முப்பக்கமா உருட்சியா, பூவடியிலை நெடிதா குறிதா என்பவற்றைப் பச்சையாக இருக்கும்போதே குறிக்க. இடமும் நாளும் எழுதுக. அறுப்போரும் இழைப்போரும் வழங்கும் பெயரை அவர் ஒலித்தபடியே தமிழெழுத்தில் எழுதி, அதனை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதையும் அருகே சேர்க்க. இலத்தீன் பெயரைப் பின்னர் வல்லுநர் துணையோடு நிரப்பலாம். பேராதனைத் தேசியத் தாவரத் தாளகமும் உண்டு, சம்மாந்துறையிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. ஆயின் ஊர்ப்பெயரை நிரப்ப வல்லார் திண்ணைகளிலேயே உளர், அவர் முதியர்.

கேனிக் தரங்கம்பாடியிற் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அவர் அனுப்பிய செடியோடு ஒரு தமிழ்ப்பெயரும் கப்பலேறிற்று. றொட்பெல் அதனை மாற்றாது ஏற்றார். அதனால் அப்பெயர் பிழைத்தது. நம் காலத்தில் அப்பணியை வேற்றுநாட்டார் வந்து செய்யவேண்டியதில்லை. "ரெண்டும் ஒண்டா மகன்?" என்னும் வினாவுக்கு, "இல்லை உம்மா, ஒன்றல்ல, நீங்கள் சொன்னதே சரி" என விடை கூறவும், அதன் காரணத்தைத் தமிழிலேயே விளக்கவும் வல்ல மாணவர் எம் வகுப்புக்களிலிருந்து எழுவாராயின், கோரை பற்றிய இப்பெயர்ப்பிணக்கு முடிந்ததாகக் கொள்ளலாம்.